பெயரும் இனங்காணலும்: அயனமண்டல மழைக்காட்டுத் தாவரங்களை அறியுங் கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கிக் கூறுகின்றார் என்பதைத் தமிழிலக்கிய மாணவர் யாவரும் அறிவர். அப்பட்டியலை மனனஞ் செய்து ஒப்புவித்தோரும் நம்மிடையே உளர். ஆயின், அம்மலர்களுள் எத்தனையை ஒரு காட்டிடையே நின்று, இதுதான் அது என்று சுட்டிக்காட்ட நம்மால் இயலும் என்பது வேறு வினாவாகும். இருபதாம் நூற்றாண்டிலே பி. எல். சாமி போன்றோர் தாவரவியலின் துணைகொண்டு சங்க இலக்கியச் செடிகொடிகளை அடையாளங்காண முயன்றனர். அவர்தம் பணி பெரிது. எனினும் பல பெயர்கள் இன்றுவரை விவாதத்துக்குரியனவாகவே உள்ளன. பெயர் எஞ்சி நிற்க, அப்பெயரால் எதனைச் சுட்டினர் என்ற அறிவு தேய்ந்துபோன நிலை இது.

இந்நிலையை வெறும் மறதி என்று கூறி அமைதல் பொருந்தாது. தாவரமொன்றின் பெயர் அகராதியிலே வாழ்வதன்று. தேனெடுப்போன், மருத்துவன், கிழங்கு அகழ்வோள், மரம் வெட்டுவோன், நாரெடுத்துக் கயிறு திரிப்போன் ஆகியோரது தொழிலிலேயே அது வாழ்கின்றது. அத்தொழில் நிகழும்வரை பெயரும் பொருளும் பிரியா. காட்டுக்கும் உழைப்போனுக்கும் இடையிலுள்ள உறவு அறுக்கப்படும்போது பெயர் புலவனிடம் எஞ்சுகின்றது. இனங்காணும் ஆற்றல் மறைகின்றது. பின்னர் அவ்வாற்றலை வேறொரு நிறுவனம், வேறொரு நோக்கத்துக்காக, வேறொரு மொழியிலே மீளக் கட்டியெழுப்புகின்றது.

இன்று கணனித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் மழைக்காட்டு மரங்களை இனங்காண உதவும் ஊடாட்டக் கருவிகள் பல தோன்றியுள்ளன. இவற்றைத் தொழினுட்ப விந்தைகளாகப் போற்றுவோரும், மரபறிவுக்கு வந்த கேடாகத் தூற்றுவோரும் உளர். இரு சாராரும் ஒரு தவற்றைச் செய்கின்றனர். கருவியை அதனை ஈன்ற சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குகின்றனர். இக்கருவிகள் எவ்வரலாற்றின் வழிவந்தவை, அவற்றுள் யாருடைய உழைப்புத் திரண்டுள்ளது, அவற்றால் அறிவு யார் கைக்குச் செல்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் பிரச்சினையின் இயல்பைத் தெளிதல் வேண்டும். அயனமண்டல மழைக்காட்டிலே இனங்களின் எண்ணிக்கை மிகுதி. ஓரினத்து மரங்கள் ஓரிடத்தே திரண்டு நில்லாது சிதறி நிற்றலும் பெரும்பான்மை. சிங்கராசவனத்தில் நிரந்தர ஆய்வுக்கென அளந்து எல்லையிடப்பட்ட 25 ஹெக்டேயர் நிலப்பரப்பிலே மட்டும் 200க்கு மேற்பட்ட மர இனங்கள் பதிவாகியுள்ளன.

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட இனங்களின் நூல், பூவின் மகரந்தக்கேசரங்களையும் சூலகத்தையும் எண்ணித் தாவரங்களை வகுத்தது. ஐரோப்பியப் புல்வெளியிலே குனிந்து பூவைக் கொய்து எண்ணுதல் எளிது. முப்பது நாற்பது மீற்றர் உயர்ந்த விதானத்தின் உச்சியிலே பூக்கும் மரத்துக்கு அது பொருந்துமா? சில மரங்கள் பல்லாண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பன. நிலத்திலே நிற்பவன் காண்பது அடிமரம், பட்டை, உதைவேர், உதிர்ந்த இலை ஆகியவற்றையே. அவ்விலைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவை. நீண்டு, தடித்து, நீர் வடியும் கூர்நுனி கொண்டவை.

காட்டிலே வாழ்ந்தோர் இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்திருந்தனர். பட்டையைக் கத்தியாற் கீறி உள்நிறம் பார்த்தல், கசியும் பாலையோ பிசினையோ நோக்குதல், இலையைக் கசக்கி முகர்தல் என்பன அவர்தம் முறைகள். பூவைக் காத்திராத அறிவு அது. கல்விமான்கள் நெடுங்காலம் இதனை அறிவென ஏற்கவில்லை; ஆயின் தமக்கு வழிகாட்டுமாறு அவ்வறிவுடையோரையே வேண்டி நின்றனர். தாவரவியலின் அடித்தளத்திலே கிடக்கும் முரண்பாடு இதுவேயாகும்.

3

இம்முரண்பாட்டை மிகத் துலக்கமாகக் காட்டும் நூல் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ ஆகும். கொச்சியிலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரியாக விளங்கிய வான் றீடே தொகுப்பித்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் உள்ளுறை பெருமளவுக்கு ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன் என்பார் கூறியது. ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் ஆகிய கொங்கணி அந்தணர் மூவரும் பங்களித்தனர். இந்நால்வரது சான்றுரைகளும் நூலிலே அச்சேறியுள்ளன. இது அக்காலத்துக்கு அரிய நேர்மையே. ஆயின் காட்டுக்குட் சென்று கொடியையும் கிளையையும் வெட்டிக் கொணர்ந்த உழைப்பாளருக்குப் பெயரில்லை. தாவரங்களை இலத்தீனில் விவரித்த அந்நூல் இட்டி அச்சுதனின் மொழிக்கு மீள 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, கே. எஸ். மணிலால் அதனை ஆங்கிலத்தில் 2003இலும் மலையாளத்தில் 2008இலும் தந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வறிவு அதனை அளித்த சமூகத்துக்கு எட்டாப் பொருளாயிருந்தது.

இலங்கையின் கதையும் இதனின்றும் பெரிதும் வேறன்று. 1670களிலே ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கு பணியாற்றிய போல் ஹேர்மன் சேகரித்த உலர்தாவரங்களைக் கொண்டே, இத்தீவிற் காலடி வையாத லின்னேயஸ் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’வை எழுதினார். ஹேர்மனின் சேகரம் இன்று இலண்டனிலே இருக்கின்றது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. அது அறிவுக்கழகமாக மட்டுமன்றிப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் ஆய்வுகூடமாகவும் இயங்கியது.

1840இன் முடிக்குரிய காணி அபகரிப்புத் தடைச் சட்டம், உரித்துக்கு ஆவணமில்லாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையென அனுமானித்தது. அதன்பின் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்றழிந்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. வெட்டிய கைகள் சிங்களக் கிராமத்தவருடையவை. தென்னிந்தியாவினின்றும் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளருடையவை. அழிந்துகொண்டிருந்த காட்டின் தாவரங்களை அதே காலத்திலேயே அறிவியல் பதிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. துவேற்ஸின் நூல் 1858 முதல் 1864 வரையும், திரைமனின் ‘இலங்கைத் தாவர கைந்நூல்’ 1893 முதல் 1900 வரையும் வெளிவந்தன. திரைமன் தம் நூலிலே சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் குறித்துள்ளார். பெயர்கள் இடம்பெற்றன, பெயர்களை வழங்கியோர் அதனைப் படிக்கும் நிலையில் இருத்தப்படவில்லை. பேராதனையில் நெடுங்காலம் ஓவியராக உழைத்த ஹர்மானிஸ் த அல்விஸின் சித்திரங்கள் இல்லாமல் இந்நாட்டுத் தாவரவியலை எண்ணிப்பார்த்தல் அரிது. ஆயினும் நமது அறிவியல் வரலாறுகளில் அவர் அடிக்குறிப்பாகவே எஞ்சினார்.

சென்னை மாகாணத்திலே தாவரநூல்களை எழுதிய பெடோமும் கேம்பிளும் வனத்துறை அதிகாரிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு கடற்படைக் கப்பல்களுக்கு வேண்டப்பட்டமையால் 1806இலேயே அங்கு வனப்பாதுகாவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். மரத்தை இனங்காணல் என்பது இக்கட்டத்திலே மரத்தை மதிப்பிடலாயிற்று. எது விற்கும், எது விற்காது என்பதே அதன் உட்கேள்வி.

4

இனி, கருவிகளின் வளர்ச்சியை நோக்குவோம். தாவரத்தை இனங்காண நமது பாடசாலை மாணவரும் கற்கும் இணைக்கவர்ச் சுட்டியை, லாமார்க் தமது பிரெஞ்சுத் தாவரநூலிலே (1778) விரிவாகக் கையாண்டார். அந்நூல் இலத்தீனில் அன்றிப் பிரெஞ்சு மொழியிலே எழுதப்பட்டது. ஒவ்வொரு படியிலும் இரு கூற்றுகள் தரப்படும். ஒன்றைத் தெரிந்து அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும். வல்லுநனல்லாத எவனும் பெயரை அடையலாம் என்பதே இதன் கருத்து. புரட்சியை அண்மித்துக்கொண்டிருந்த பிரான்சிலே, அறிவு யாவர்க்கும் பொதுவென்ற சிந்தனை பரவிய சூழலிலே இக்கருவி எழுந்தமை தற்செயலன்று.

எனினும் இணைக்கவர்ச் சுட்டிக்கு ஒரு வன்மையான குறையுண்டு. வினாக்களின் வரிசையை ஆக்கியோனே முடிவுசெய்கின்றான். பூவின் இதழ்கள் எத்தனை என்பது மூன்றாவது வினாவாயின், பூவில்லாத கிளையோடு நிற்பவன் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். ஒரு படியிலே தவறினால் முடிவு முற்றிலும் பிழைத்துப்போம். மழைக்காட்டிலே இக்குறை உயிர்நிலையானது.

இதற்கு விடையாக வந்தது பல்வாயிற் சுட்டி. இதில் வரிசை இல்லை. பயன்படுத்துவோன் தன் கையிலுள்ள இயல்பினின்றே தொடங்கலாம். பால் வடிகின்றதா, இலை எதிரடுக்கா, கூட்டிலையா என எங்கிருந்தும் புகலாம். பொருந்தாத இனங்கள் ஒவ்வொன்றாக நீங்க, எஞ்சுவன சிலவாகும். கணனி பரவுமுன் இதனைத் துளையிட்ட அட்டைகளைக்கொண்டு செய்தனர்.

அவுஸ்திரேலியாவின் வட குயீன்ஸ்லாந்து மழைக்காடு இவ்வளர்ச்சியைக் காட்டும் சிறந்த உதாரணமாகும். பேர்னி ஹைலண்ட் என்ற தாவரவியலாளர், இலையையும் பட்டையையும் மட்டும் அடிப்படையாகக் கொண்ட சுட்டியொன்றை 1971இல் அம்மாநில வனத்துறையினூடாக வெளியிட்டார். 1982இல் அது திருத்திய அட்டைச் சுட்டியாக வந்தது. அதே நாட்டில் 1970களிலே டல்விற்ஸ் என்பார் தாவர, விலங்கு விவரணங்களைக் கணனிக்கேற்ற குறியீடாக எழுதும் முறையை உருவாக்கினார். 1993இல் ஹைலண்டும் விஃபினும் 1000க்கு மேற்பட்ட மரங்களை உள்ளடக்கிய ஊடாட்டக் கணனிச் சுட்டியை வெளியிட்டனர். பின்வந்த பதிப்புகளிலே செடிகளும் கொடிகளும் சேர்ந்தன. 2010இலே 2500க்கு மேற்பட்ட இனங்களோடு அது இணையத்தில் யாவர்க்கும் இலவசமாயிற்று. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 2700ஐயுந் தாண்டியது.

அக்காட்டின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே செந்தேவதாரு மரத்துக்காக அங்கு வெட்டுநர் நுழைந்தனர். வெட்டல் 1988இல் அக்காடு உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டதை ஒட்டியே ஓய்ந்தது. அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் நஞ்சுள்ள விதைகளை வேகவைத்தும் நறுக்கியும் ஓடும் நீரிலிட்டும் நஞ்சகற்றி உணவாக்கும் நுட்பத்தை அறிந்திருந்தனர். மாறாக, 1971இல் டெய்ன்றீப் பகுதியிலே கால்நடைகள் சில நஞ்சுண்டு இறந்து, அவற்றின் வயிற்றிலே பெருவிதைகள் கண்டெடுக்கப்பட்டபோதே, 1902இல் டீல்ஸ் என்ற ஜேர்மானியர் சேகரித்த ஒரு தொன்மையான மரவகை மீண்டும் அறிவியலின் கவனத்துக்கு வந்தது. ஏழு தசாப்தங்களாக அது அறிவியலுக்கு இல்லாததொன்றாயிருந்தது. காட்டிலே அது என்றும் நின்றது. ஆதிக்குடியினரான கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களுக்கு டெய்ன்றீத் தேசிய வனத்தின் உடைமை 2021இலேயே மீளளிக்கப்பட்டது. இனங்காண் கருவி இணையத்திற் பொதுவுடைமையாகிப் பதினோராண்டுகளின் பின்னரே காடு உரியோரிடம் சேர்ந்தது என்பது சிந்தனைக்குரியது.

5

நமக்கு அண்மையான உதாரணம் புதுச்சேரியிலே உள்ளது. 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலே பஸ்காலும் ரமேஷும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கும் கொடிகளுக்குமான கள இனங்காண் சுட்டியை 1987இல் வெளியிட்டனர். அதுவும் பூவை நம்பியிராது, பூவற்ற கிளையின் இயல்புகளையே முதன்மைப்படுத்தியது. 2000களிலே ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, இம்மலைத்தொடரின் மரங்களும் லாவோஸின் வட அன்னமைற் மலைகளின் மரங்களும் ‘பயோற்றிக்’ என்னும் ஊடாட்டத் திட்டத்திலே சேர்க்கப்பட்டன.

அதன் உள்ளிருந்து இயங்கிய மென்பொருள் பிரான்சின் மொன்பெலியே நகரில் பியேர் கிரார் முதலியோர் வளர்த்தது. ஆபிரிக்கச் சவன்னா வயல்களின் களைகளை இனங்காணும் வேலையிலே அது முன்னர் பயன்பட்டது. அதன் முறை எளியது. திரையிலே தாவரத்தின் உறுப்புகள் படங்களாகத் தோன்றும். இலையின் வடிவம், விளிம்பு, நரம்பு என ஒவ்வோர் உறுப்புக்கும் பொருத்தமான படத்தைத் தொட்டால் தாவரத்தின் உருவம் படிப்படியாக அமையும். விரும்பிய உறுப்பினின்றும் தொடங்கலாம், தெரியாததை விடலாம். ஒவ்வோரினமும் அவ்வுருவத்தோடு எத்துணை நூற்றுவீதம் ஒத்துள்ளது என்று கருவி கணித்து வரிசைப்படுத்தும். ஓரிடத்திலே பிழைத்தாலும் சரியான பெயர் முற்றாக விலகிவிடாது.

மொழி பயில்வோனுக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. தாவரவியலின் கலைச்சொற்கள் நெடுங்காலம் ஒரு மதிலாக நின்றன. அச்சொற்களை இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ கற்றவனே உள்ளே புகலாம். சொல்லின் இடத்திலே படத்தை வைத்தபோது அம்மதில் ஓரளவு தாழ்ந்தது. எழுத்தறியாத ஒருவரும் கண்ணால் ஒப்பிட இயலும். காட்டு வழிகாட்டி பட்டையையும் இலையையும் நோக்கி அறிந்த முறையும், கருவி பூவைக் காத்திராது உறுப்புகளை ஒப்பிடும் முறையும் தம்முள் நெருங்கியவை. நூற்றாண்டுகளாகத் தாழ்த்தப்பட்ட செயலறிவின் தருக்கத்தையே அறிவியல் இறுதியில் ஏற்றுக்கொண்டது எனல் மிகையன்று. இவ்வகையில் இக்கருவிகள் முற்போக்கானவை என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புதல் வேண்டும்.

ஆயின் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியுள்ளது. கருவியின் உட்கருவாய் அமைவது ஓர் அட்டவணை. ஒருபுறம் இனங்கள், மறுபுறம் இயல்புகள். ஒவ்வொரு கட்டத்தையும் யாரோ ஒருவர் காட்டிற் சென்று பார்த்து நிரப்பியுள்ளார். மரமேறியவர், கிளை முறித்தவர், அழுத்தித் தாளில் ஒட்டியவர் ஆகியோரின் உழைப்பு அக்கட்டங்களிலே உறைந்துள்ளது. திரையிலே அது தெரிவதில்லை. பண்டத்திலே உழைப்பு மறைவதுபோலவே அட்டவணையிலும் மறைகின்றது.

இம்மறைவுக்குப் பொருளாதார விளைவும் உண்டு. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற ஆய்வாளர், தமக்கு வழிகாட்டிய காணி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். அவர்கள் அதனை ‘ஆரோக்கியப்பச்சை’ என்றனர். அதன் இலத்தீன் இனப்பெயர் ‘செய்லானிக்குஸ்’ என்பது. இலங்கைக்குரியது என்பது பொருள். அதாவது அறிவியல் அச்செடியை இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெயரிட்டு வைத்திருந்தது; அதன் பயனை அறிந்திருக்கவில்லை. அதனின்றும் மருந்தொன்று ஆக்கப்பட்டு 1995இல் உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது; உரிமக் கட்டணத்திற் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1997இல் அவர்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பு அமைந்தது. உலகளாவிய முன்னுதாரணமாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. ஆயின் அது அறிவைக் கேட்டறிந்த பின்னர் செய்யப்பட்ட பகிர்வே. பெயரை அறிதலும் பயனை அறிதலும் வேறுவேறு என்பதையும், இரண்டாவது அறிவு மக்களிடமே இருந்தது என்பதையும் இந்நிகழ்ச்சி நிறுவுகின்றது.

6

2010களிலே இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2009இல் தொடங்கிய ‘பிளான்ற்நெற்’ போன்ற திட்டங்கள், ஒளிப்படமொன்றைத் தந்தால் தாமே பெயரைக் கூறும் நிலையை எய்தின. இங்கு பயன்படுத்துவோன் இலையின் விளிம்பை நோக்க வேண்டியதில்லை. பட்டையை முகர வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய படங்களினின்றும் கணனி கற்றுக்கொள்கின்றது.

கைவினைக் கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே மார்க்ஸ் ‘மூலதன’த்திலே காட்டிய வேறுபாடு இவ்விடத்து உதவுகின்றது. கருவி உழைப்போனின் கையிலே இயங்குவது; இயந்திரமோ அக்கருவியைத் தன்வயப்படுத்தி, உழைப்போனைத் தன் துணையுறுப்பாக்குவது. பல்வாயிற் சுட்டி முதல்வகையைச் சார்ந்தது. அதனைப் பயன்படுத்துந்தோறும் பயன்படுத்துவோனின் கண் கூர்மையடைகின்றது. ஏன் இப்பெயர் என்பதற்குக் காரணம் அவன் முன்னே விரிகின்றது. ஒருநாள் கருவியின்றியே மரத்தை அறிவான். ஒளிப்படக் கணிப்போ விடையைத் தருகின்றது, காரணத்தைத் தருவதில்லை. அதனை வெறுக்க வேண்டியதில்லை. பொதுநிறுவனங்கள் வளர்க்கும்வரை அது பொதுச்செல்வமே. ஆயின் அது சுட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின், குறிஞ்சிப்பாட்டைப் பொறுத்தவரை நமக்கு நேர்ந்தது இன்னொரு வடிவத்தில் நேரும். பெயர் உடனே கிடைக்கும்; இனங்காணும் ஆற்றல் மக்களிடம் இராது.

இலங்கையில் இதனைச் சிந்திப்பதற்கு நியாயம் உண்டு. 1970களிலே சிங்கராசவனத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரந்தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பு அதனை அத்தசாப்தத்திலேயே நிறுத்தியது. அவ்வெதிர்ப்பிலே பொதுமக்களும் அறிவியலாளரும் ஒன்றிணைந்தனர். 1997இல் வெளிவந்த இலங்கையின் பொதுவான மரஞ்செடிகள் பற்றிய களவழிகாட்டி நூல் சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் தருகின்றது. இஃது நல்ல தொடக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையும் தென்மேல் இலங்கையும் உறவுடைய காடுகள். ஒரே சாதியைச் சார்ந்த வெவ்வேறு இனங்கள் இருபுறமும் நிற்கின்றன. ஆதலின் புதுச்சேரியின் முறையை நாம் பெறலாம். அட்டவணையை நாமே நிரப்புதல் வேண்டும்.

அதனை நிரப்புவோர் யார்? மலையகத் தோட்டங்களின் எல்லையிலே எஞ்சியுள்ள காட்டிலே விறகும் மூலிகையும் கொண்டுவரும் தொழிலாளர் குடும்பங்கள், காடோரக் கிராமத்தவர், வைத்தியர் ஆகியோர் வெறுந் தகவல் தருவோராக அன்றி ஆக்கியோராக இடம்பெறுவாராயின், தமிழும் சிங்களமும் கருவியின் மொழிகளாகுமாயின், பெயரளித்தவரின் பெயரும் இனத்தின் பக்கத்திலே பதிவாகுமாயின், இக்கருவி வேறொரு பொருளைப் பெறும். மரத்தை வெட்டியோரின் வழித்தோன்றல்கள் அம்மரத்தின் பெயரை மீளச் சொல்வதற்கு அது வழிசெய்யும்.

அறிவை மக்களுக்கு எளிமைப்படுத்திக் கொடுத்தல் ஒன்று. மக்கள் தம் அறிவைத் தமதாக வைத்திருத்தல் பிறிதொன்று. இனங்காண் கருவிகளின் முந்நூறாண்டு வரலாறு முதலாவதை நோக்கிப் பெருமளவு முன்னேறியுள்ளது. இரண்டாவது கருவியினால் மட்டும் வருவதன்று. காடும் அதன் அறிவும் யாருடையன என்ற வினாவுக்கு விடைகாணும் போராட்டத்தினாலேயே அது வரும்.